புல்தரைக்கு வந்த வீடு

எங்கள் ஊரான கடீனாவில் கிளெம் ஹோஸ்கிங்கின் பறவைக்கூண்டைப் பார்க்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூண்டு என்றதும் கையில் தூக்கிக்கொண்டு போகிற கூண்டை நினைத்துவிடக் கூடாது. கொல்லைப்புற வேலியை ஒட்டி ஒன்பது மீட்டர் நீளம், உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். பாதிக்குத் தகரக்கூரையும் மூன்று பக்கச் சுவரும் உண்டு. மறுபாதி வெறும் கம்பிவலை, மேலே வானம். அந்த வருடம் அதற்குள் ஆறு இனம் இருந்தது. சாயப்பெட்டியைக் கவிழ்த்த மாதிரி கோல்டியன் சில்லைகள், நாளெல்லாம் பொம்மை ஊதல் ஊதும் வரிச்சில்லைகள், கறுப்புத் தொண்டை நீளவால்கள், தரையில் ஓடும் குட்டிக் காடைகள், யார் வம்புக்கும் போகாத சாம்பல் புறாக்கள், ஒரு ஜோடி செந்நெஞ்சுக் கிளி.

பறவைச் சங்கத்துக்கு வெளியூர் ஆள் யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப்போவோம். கிளெம் பெல்ட்டுக்குள் இரண்டு கட்டைவிரலையும் செருகிக்கொண்டு நிற்பான். வாலரூ தானியக் கிடங்கின் எடைமேடையில் முப்பத்தோரு வருடம் லாரிகளை ஏற்றி இறக்கி எடை பார்த்தவன். பேச்சையும் எடை போட்டுத்தான் விடுவான். வருகிறவர்கள், "இத்தன ஜாதிய எப்படி ஒண்ணா வச்சிருக்கீங்க, அடிச்சுக்காதா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"சேத்து வைக்கத் தெரியணும், அவ்வளவுதான்."

இந்த வாக்கியத்தை அவன் வாயால் நானே ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். அப்படிச் சொன்னவன்தான் அந்த வருடம் கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண்ணை எட்டு மாதம் தன் வீட்டில் எப்படி வைத்திருந்தான் என்பதை இப்போது சொல்லப்போகிறேன்.

அவள் பெயர் கான்ச்செட்டா. எல்லோருக்கும் கோனி. போர்ட் பிரீயில் இத்தாலிய மீன்பிடிக் குடும்பம். மீன்கடைக் கல்லாவுக்குப் பின்னால் இருபது வருடம் நின்றவள். கணவர் சால் இறந்து நாலு வருடம். கிளெமின் மனைவி நோலா இறந்து ஆறு வருடம். எங்கள் சங்கத்தின் கண்காட்சி போர்ட் பிரீயில் நடந்தபோது, தேநீர் மேஜையில் உதவிக்கு நின்ற கோனி கிளெமுக்கு ஒரு சாண்ட்விச் கொடுத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டான். நாலாவது சாண்ட்விச்சில் அவள் சிரித்துவிட்டாள். பிப்ரவரியில் பதிவுத் திருமணம். அவள் ஒரு சின்ன காரும், இரண்டு பெட்டி துணியும், டேப் ஒட்டிய ஏழு அட்டைப்பெட்டிகளுமாகக் கடீனாவுக்கு வந்து சேர்ந்தாள்.

முதல் நாள் காலையில் அவள் கேட்டது, "கிளெம், ஸ்பூன் எங்க இருக்கு?"

"ரெண்டாவது டிராயர்."

"சக்கரை?"

"மேல் தட்டுல, இடது பக்கம். நீல டப்பா."

நீல டப்பா இருபத்தேழு வருடமாக இடது பக்கத்தில்தான் இருந்தது. நோலா வைத்த இடம். முன்னறையில் நோலாவின் கண்ணாடி அலமாரி, அதில் விவசாயக் கண்காட்சியில் கேக்குக்குப் பரிசாக வாங்கிய தட்டுகள். ஜன்னலோரம் கிளெமின் நாற்காலி, பக்கத்தில் நோலாவின் நாற்காலி. உடை அலமாரியில் நோலாவின் கோட்டுகள் இன்னும் தொங்கின. கிளெம் அவற்றை வேண்டுமென்று வைத்திருக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு காடைக்காக நாளுக்கு நாலு தடவை தண்ணீர் மாற்றுகிறவன், ஆறு வருடமாகக் கண்ணில் படுகிற கோட்டைப் பார்க்கவே மாட்டான். ஆண்பிள்ளைகளில் இப்படி ஒரு ரகம் உண்டு.

ஏழு பெட்டிகளில் ஒன்றை மட்டும் கோனி பிரித்தாள். அதிலிருந்து ஒரு பச்சைக் கோப்பையை எடுத்துச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தாள். மற்ற ஆறையும், "இடம் பாத்துட்டு பிரிச்சுக்கலாம், அதுவரைக்கும் ஷெட்ல இருக்கட்டும்" என்று கிளெமே தூக்கிக்கொண்டுபோய் வைத்தான். நல்ல மனசோடுதான் செய்தான். பெட்டி கனமாக இருந்ததால் அவளைத் தூக்கவிடவில்லை.

முதல் இரண்டு மாதம் அவள் எல்லாவற்றுக்கும் கேட்டாள். டவல் எங்கே, இந்தச் சட்டியை எடுக்கலாமா, இந்த நாற்காலியில் உட்காரலாமா. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கிளெமுக்கு நிம்மதியாக இருந்தது. வீடு பழகிவிட்டது என்று நினைத்தான். அவள் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவதையும், ஒரு ஸ்பூனும் அந்தப் பச்சைக் கோப்பையும் மட்டும் கழுவிக் கழுவி அதே ஜன்னல் திட்டில் வைப்பதையும், துணியை இன்னும் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்துவதையும் அவன் பார்த்தான். பார்த்தான் என்றுதான் சொல்கிறேன். புரிந்துகொண்டான் என்று சொல்லவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை போர்ட் பிரீயில் அக்கா அசுந்தா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், குளிர்காலம் முடிவதற்குள் வாராவாரம் போக ஆரம்பித்தாள். வெள்ளி போனால் ஞாயிறு வருவாள். பிறகு திங்கள். பிறகு செவ்வாய். கிளெமுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடித்தானா, திட்டினானா? குடிப்பானா? வீட்டில் என்ன குறை? ஒருநாள் வராமலே இருந்துவிடுவாளோ என்று ஒரு பயம் மட்டும் பிடித்துக்கொண்டது. அதை வெளியே சொல்ல அவனுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

இந்த நிலைமையில்தான் ஆகஸ்ட் கடைசியில் சங்கத்தின் விற்பனை நாள் வந்தது. கிளெம் அங்கே ஒரு ஜோடி ஆந்தைமுகச் சில்லையை வாங்கினான். கட்டைவிரல் அளவு பறவை. வெள்ளை முகத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம், பார்த்தால் ஆந்தைக்குஞ்சு உன்னையே முறைக்கிற மாதிரி இருக்கும். முப்பது நாள் தனிக்கூண்டில் வைத்து, நோய் ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒரு காலையில் பெரிய கூண்டின் கதவைத் திறந்து உள்ளே விட்டான்.

அன்று மத்தியானமே பிரச்சினை. நீளவால்களில் ஒரு ஆண் உண்டு. மேல்மூலையில் காய்ந்த கிளைக்கட்டுக்குள் கூடு கட்டியிருந்தது. எல்லோரும் அதை மேயர் என்றுதான் கூப்பிடுவோம். மேயர் ஆந்தைமுகங்களை எந்தக் கிளையிலும் உட்காரவிடவில்லை. தானியத் தட்டுக்குப் போனால் வரிச்சில்லைகள் கூட்டமாக வந்து தள்ளின. சாதுவான புறாகூட இறக்கையை ஓங்கியது. மூன்றாம் நாள் ஆந்தைமுகங்கள் இரண்டும் தரையில், காடைகளுக்கு நடுவே, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பெட்டைக்கு உச்சந்தலையில் இறகே இல்லை.

கிளெமுக்கு மண்டை காய்ந்தது. கூடுதலாக ஒரு தானியத் தட்டு வைத்தான். கரையான் புற்றை உடைத்துக் கொண்டுவந்து கொட்டினான். சாப்பிட்டது மேயரும் அதன் சொந்தக்காரர்களும். கடைசியில் சங்கச் செயலாளர் கெல் பட்ஜைக் கூப்பிட்டான். கெல் வலைக்கு வெளியே நின்று இரண்டு நிமிடம் பார்த்தான். பிறகு கிளெமைப் பார்த்தான்.

"ஏம்ப்பா, பழசுங்கள வெளிய எடுக்காம அப்படியேவா விட்ட?"

"மேயரோட பெட்ட ஆறு முட்ட போட்டிருக்கு. கலைக்க மனசு வரல."

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நீ. உனக்கே நான் சொல்லணுமா?"

"இடம் இருக்கு, தீனி இருக்கு, தண்ணி இருக்கு. வேற என்ன வேணும் அதுங்களுக்கு?"

"எல்லாம் இருக்கு. ஆனா எல்லாமே இன்னொருத்தனோடது" என்றான் கெல். "முட்ட போனா திரும்பப் போடும். நாளைக்கே எல்லாத்தையும் கழட்டு."

இது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். புதுப் பறவையைச் சேர்க்க வேண்டுமானால் பழையவை எல்லாவற்றையும் பிடித்துச் சின்னக் கூண்டுகளில் போட வேண்டும். கிளைகள், கூடுகள், தட்டுகள் ஒன்று விடாமல் வெளியே. பிறகு உள்ளே எல்லாவற்றையும் இடம் மாற்றிக் கட்ட வேண்டும். முதலில் புதுசு, பின்னால் பழசு என்று அதே காலையில் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். யாருக்கும் எந்த மூலையும் சொந்தமில்லை என்று ஆனபிறகு சண்டை போட என்ன இருக்கிறது?

மறுநாள் கோனி கடீனாவில்தான் இருந்தாள். அவளே கையுறை மாட்டிக்கொண்டு உதவிக்கு வந்தாள். கிளெம் வலையால் பிடிக்க, அவள் சின்னக் கூண்டின் கதவைத் திறந்து மூட. மேயர் இரண்டு தடவை வலையிலிருந்து நழுவியது. மூன்றாவது தடவை கோனி வலையில்லாமல் கையாலேயே அதைக் காற்றில் பிடித்துவிட்டாள்.

கிளெம் வாயைப் பிளந்தான். "எப்படிப் பிடிச்ச?"

"உயிரோட இருக்கிற மீன விட இது லேசு."

பிடித்து முடித்ததும் கிளெம் மேல்மூலைக் கிளைக்கட்டை அவிழ்த்துக் கீழே இழுத்தான். கூடு பிய்ந்தது. ஆறு வெள்ளை முட்டைகள், வேர்க்கடலை அளவு, புல்லில் உருண்டன. கோனி மேயரின் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு குப்புறப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"பாவம்ல?" என்றாள்.

"பாவந்தான். இல்லன்னா அந்தப் புதுசு செத்துரும்."

"இவனுக்குக் கோவம் வராதா?"

"கோவப்படறதுக்கு எந்த இடம் தன்னோடதுன்னு தெரியணுமே. ரெண்டு நாள் எல்லாரும் முழிப்பாங்க. அப்புறம் ஆளாளுக்கு ஒரு இடம் தேடிக்குவாங்க."

"எல்லாரும் புதுசாயிடறாங்க."

"ஆமா. அதான் சூட்சுமம்."

கோனி கூண்டை மடியிலேயே வைத்துக்கொண்டு கிளெமைப் பார்த்தாள். அவன் இன்னும் ஏதோ சொல்லப்போகிறான் என்று காத்திருப்பவள்போல் வெகுநேரம் பார்த்தாள். கிளெமும் சொன்னான். "அந்தக் குறடு எடு."

குறட்டை எடுத்துக் கொடுத்தாள். இதை அவன் பின்னால் என்னிடம் சொன்னபோது எனக்கே அவன் தலையில் குட்ட வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை அவள் பெரிய பெட்டியோடு நின்றாள்.

"அசுந்தா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவ? செவ்வாக்கெழமையா?"

"தெரியல கிளெம்."

"ஏதாவது குறையா? சொன்னாத்தான தெரியும்."

கோனி சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். நீல டப்பா, சுவர்க்கடிகாரம், நோலா தைத்த திரைச்சீலை. "உன் வீடு ரொம்ப நல்ல வீடு, கிளெம்" என்றாள். "நான் வர்றதுக்கு முன்னாடியும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

கிளெம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "ஆமா, நல்ல வீடு" என்றான். அவள் காரைக் கிளப்பிக்கொண்டு போனாள். ஜன்னல் திட்டைப் பார்த்தபோது பச்சைக் கோப்பை இல்லை. அப்போதுதான் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு வாரம் போயிற்று. அவன் தினமும் போன் செய்தான். அசுந்தாதான் எடுப்பாள். "அவ கடற்கரைக்குப் போயிருக்கா." மறுநாள், "அவ சர்ச்சுக்குப் போயிருக்கா." மூன்றாம் நாள், "அவ குளிக்கிறா. நாளைக்கும் குளிப்பா."

கிளெம் உட்கார்ந்து யோசித்தான். பறவைச் சத்தம் பிடிக்கவில்லையோ? தானியத் தூசிக்கு மூக்கு அடைக்கிறதோ? இறைச்சி வைத்துச் சுடுகிற பேஸ்டிக்குள் டர்னிப் கிழங்கு அதிகமாகப் போடுவது ஒத்துக்கொள்ளவில்லையோ? எங்கள் பக்கத்து கார்னிஷ் வம்சத்து வீடுகளில் அதற்கே பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. கெல்லிடம் கேட்டான்.

"பூ வாங்கிக் குடு" என்றான் கெல்.

"அவ இங்க இல்லியே."

"வந்தா குடு."

"வந்துட்டா அப்புறம் பூ எதுக்கு?"

கிளெம் பூ வாங்கினான். கொடுக்க ஆளில்லாமல் வாளியில் வைத்தான். அது வாடுவதற்குமுன் பாதியைச் செந்நெஞ்சுக் கிளிகளுக்குப் போட்டான். அவை மகிழ்ச்சியாகத் தின்றன.

கூண்டுக்குள் எல்லாம் சரியாகிக்கொண்டிருந்தது. முதல் நாள் மேயர் பழைய மேல்மூலைக்குப் பறந்துபோய், அங்கே வெறும் சுவர் இருப்பதைக் கண்டு கம்பியில் தொற்றிக்கொண்டு திருதிருவென்று விழித்தது. வரிச்சில்லைகள் தட்டைத் தேடித் தவறான பக்கத்தில் இறங்கின. யாருக்கும் யாரையும் விரட்ட நேரமில்லை. நாலாம் நாள் ஆந்தைமுகங்கள் நடுக்கிளையில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஆறாம் நாள் ஆண் பறவை அலகில் புல்லோடு திரிந்தது. கிளெம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, நிம்மதியே இல்லாமல் நின்றான். பறவைகளைப் பற்றி எல்லாம் தெரிந்த எனக்கு ஒரு பெண்ணைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று வாய்விட்டே சொன்னானாம், காடைகளிடம்.

வெள்ளிக்கிழமை காலை. பிடிப்பதற்குப் பயன்படுத்திய சின்னக் கூண்டுகளைக் கழுவிவைக்க ஷெட்டுக்குப் போனான். அவற்றை எப்போதும் வைக்கிற இடத்தில், தானியப் பீப்பாய்க்குப் பக்கத்தில், அடுக்கப்போனான். வைக்கும்போது கீழே ஏதோ எழுத்து தெரிந்தது. கூண்டுகளை இறக்கிவிட்டுப் பார்த்தான். கோனியின் பெட்டிகள். எட்டு மாதமாக அவன் அந்த ஆறு பெட்டிகளைத்தான் மேஜையாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தான். மேலே கம்பியின் தடம் பதிந்திருந்தது, பறவை எச்சம் காய்ந்திருந்தது. எச்சத்துக்கு அடியில் அவள் கையெழுத்து. 'சமையல்.' 'அம்மாவின் மேஜைவிரிப்பு.' 'கண்ணாடி, பார்த்து.' 'சால்.' 'பாட்டுத் தட்டுகள்.' கடைசிப் பெட்டியில், 'முன்னறைக்கு.'

முன்னறைக்கு. கிளெம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு தானியப் பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டான். முன்னறையில் எங்கே என்று யோசித்தான். ஒவ்வொரு இடமாக மனசுக்குள் நடந்து பார்த்தான். ஓர் அங்குலம் இடமில்லை. கெல் சொன்னது இப்போதுதான், பத்து நாள் தாமதமாக, அவன் காதில் விழுந்தது. எல்லாம் இருக்கு. ஆனா எல்லாமே இன்னொருத்தனோடது.

"அடக் கடவுளே" என்றான் கிளெம். வெட்கத்தில் காதெல்லாம் சிவந்துபோயிற்று என்று அவனே சொன்னான்.

உடனே அசுந்தாவுக்குப் போன் செய்தான். "நாளைக்கு மத்தியானம் கோனிய ஒருதடவ வந்துட்டுப் போகச் சொல்லு. ஒண்ணு காட்டணும்."

"என்னத்தக் காட்டப்போற? முட்டையா?"

"முட்ட இல்ல. வந்தா தெரியும்."

விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதுதான் அவன் செய்த அடுத்த தப்பு. ஆனால் கிளெமுக்கு வேறொரு வழியும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறை. அதைத்தான் செய்தான்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அவனும் கெல்லும் வீட்டை வெளியே எடுக்க ஆரம்பித்தார்கள். கொல்லைப்பக்கம் கூண்டும் துணிக்கொடியும் அடைத்துக்கொண்டதால் எல்லாம் வாசல் புல்தரைக்கு வந்தது. கட்டில், மெத்தை, கண்ணாடி அலமாரி, பரிசுத் தட்டுகள், இரண்டு நாற்காலி, நீல டப்பா, ஸ்பூன் டிராயர் டிராயரோடு. திரைச்சீலையைக்கூடக் கழற்றினான். கெல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கூண்டுலன்னா இருபது கிலோ கிளைதான்ப்பா. இங்க பிரிட்ஜெல்லாம் தூக்கணுமா?" என்றான்.

"ஒண்ணு விடாமத் தூக்கணும். ஒண்ண விட்டாலும் அந்த மூலைக்கே ஓடிருவேன்."

எதிர்வீட்டுத் தெல்மா பிரிதம் ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் ஒரு மணி நேரமாக ஒரே செடியை நனைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் குழாயோடு வேலிக்கே வந்துவிட்டாள். "கிளெம், வீட்ட விக்கிறியா?"

"இல்லீங்க."

"எலி செத்துக்கிடக்கா?"

"இல்லீங்க. இடம் மாத்துறோம்."

"மாத்தறதுன்னா உள்ளயே மாத்த வேண்டியதுதான?"

இதை அவளுக்கு விளக்கப்போய், நீளவால், மேயர் என்று ஆரம்பித்துவிட்டான். தெல்மா மெதுவாகத் தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதற்குள் பழைய சாமான் விற்பனை என்று நினைத்து இரண்டு கார்கள் நின்றுவிட்டன. தொப்பி போட்ட ஒருவர் நோலாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இருபது டாலர் என்றார். விற்பதற்கில்லை என்றதும் இருபத்தைந்து என்றார். கெல் அவரைக் கையைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் கடைசியாக ஷெட்டிலிருந்து ஆறு பெட்டிகளையும் கொண்டுவந்து, எச்சத்தைத் துடைத்து, முன்னால் வரிசையாக வைத்தான். புதுசு முன்னால் இருக்க வேண்டும் என்று அவன் கணக்கு. தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்பதுதான் அவன் கணக்கில் இல்லை.

கோனியின் கார் திரும்பி வந்தது. வேகம் குறைந்தது. வீட்டுக்கு எதிரே நின்றது. இன்ஜின் மட்டும் நிற்கவில்லை. அவள் பார்த்தது இதுதான்: வாசலில், நடைபாதையோரமாக, தன் கையெழுத்து இருக்கிற ஆறு பெட்டிகள். ஊர் பார்க்க.

கிளெம் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினான். அவள் அவனைப் பார்க்காமலே கண்ணாடியை நாலு விரல் இறக்கினாள்.

"இதக் காட்டத்தான் கூப்பிட்டியா?" என்றாள். "போன்ல சொல்லியிருந்தா நானே ஆள் அனுப்பி எடுத்திருப்பேனே. தெருவுல கொண்டாந்து வைக்கணுமா?"

"இல்ல, இல்ல. உன்னோடது மட்டும் இல்ல. பின்னாடி பாரு. எல்லாம் இருக்கு."

"எல்லாத்தையும் வித்துட்டு எங்க போற?"

"எங்கயும் போகல." எடைமேடைக்காரனுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தைகூடச் சரியான எடையில் வரவில்லை. "கூண்டுல செஞ்சோம்ல. நீ மேயரப் பிடிச்சியே. அது மாதிரி."

கோனி திரும்பி அவனைப் பார்த்தாள். "என்னையப் பறவைன்னு நெனச்சியா?"

"உன்னைய இல்ல" என்றான் கிளெம். "என்னையத்தான். மூலைய விடாமப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான்தான். உனக்குத் தலையில முடி கொட்டறவரைக்கும் எனக்குத் தெரியல."

"என் முடி ஒண்ணும் கொட்டல."

"சரி, கொட்டல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று கிளெமுக்குத் தெரியவில்லை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தும் தெரியவில்லை. இரண்டும்தான் என்று கெல் பிறகு சாட்சி சொன்னான்.

"உங்கிட்ட இருந்து போயிரலாம்னு நான் நெனைக்கல கிளெம்" என்றாள் கோனி. "வந்து சேந்த மாதிரியே இல்ல எனக்கு. எட்டு மாசமா வாசல்லயே நிக்கிற மாதிரி இருந்துச்சு."

"தெரியும். நேத்துதான் தெரியும்."

இன்ஜின் நின்றது. அவள் இறங்கி வந்து புல்தரையைச் சுற்றி நடந்தாள். கட்டிலைத் தொட்டாள், கண்ணாடி அலமாரியைத் தொட்டாள். நோலாவின் நாற்காலிக்குமுன் சற்று நின்றாள். மேற்கே கடல்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழ வரப்போகுது" என்றான் கெல். "பாசத்த உள்ள போய் வச்சுக்கலாமா?"

"மொதல்ல எது உள்ள போகணும்?" என்று கோனி கேட்டாள்.

"புதுசு மொதல்ல. அதான் முறை."

அவள் 'முன்னறைக்கு' என்ற பெட்டியை எடுத்துக்கொண்டு வாசற்படி ஏறினாள். கனமான பெட்டிதான். இந்தத் தடவை கிளெம் அதைப் பிடுங்கவில்லை.

மழைக்கு முன்னால் எல்லாம் உள்ளே வந்துவிட்டது. அது எப்படி என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. தெல்மாகூட வந்து இரண்டு தலையணை தூக்கினாள். கட்டில் வேறு அறைக்குப் போயிற்று. கிளெமின் நாற்காலி சுவரைப் பார்த்தது, பிறகு அதற்கு எதிரே, 'முன்னறைக்கு' பெட்டியிலிருந்து எடுத்த கோனியின் பாட்டுப்பெட்டி வந்தது. பரிசுத் தட்டுகளைக் கோனி ஒன்றுவிடாமல் துடைத்து, கண்ணாடி அலமாரியில் பாதி இடத்தில் அடுக்கி, மீதிப் பாதியில் தன் கண்ணாடிக் கிண்ணங்களை வைத்தாள். நோலாவின் படம் வெளிச்சம் விழுகிற இடத்துக்குப் போயிற்று. போன் மேஜையில் தடித்த மீசையோடு ஒருவர் சட்டத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளெம் அவரைக் கடந்து போன ஒவ்வொரு தடவையும் லேசாகத் தலையாட்டிவிட்டுப் போனான். கோட்டுகளைக் கிளெமே மடித்துப் பையில் போட்டான். போடும்போது கொஞ்சம் அழுதான். கோனி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

கெல் போன பிறகு இரண்டு பேரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மேஜைமேல் கோனியின் அம்மாவுடைய விரிப்பு. அவள் நின்றுகொண்டு சாப்பிடவில்லை. கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கோனி இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினாள், ஒன்று பச்சை.

கிளெம் எழுந்து இரண்டாவது டிராயரைத் திறந்தான். அதில் நூல்கண்டும் மெழுகுவத்தியும் இருந்தன. மூன்றாவதைத் திறந்தான். டவல். மேல் தட்டில் இடது பக்கம் பார்த்தான். நீல டப்பா இல்லை. சமையலறை நடுவில் நின்று திருதிருவென்று விழித்தான்.

"கோனி" என்றான். "ஸ்பூன் எங்க இருக்கு?"

கோனி கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"எனக்கும் ஞாபகமில்ல" என்று எழுந்தாள். "வா, தேடலாம்."